களையும் பருவம்

தமிழில் ‘களை’ என்னும் சொல் பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். பயிர்களின் இடையே முளைக்கும் வேண்டாத செடி களை. அதனை நீக்குக என ஏவுவதும் களை. ஒரு பொருளின் பெயரிலேயே அதற்குச் செய்ய வேண்டிய செயலையும் பொதிந்து வைத்த நம் முன்னோர் வயல் வரப்பில் நின்று சொல் படைத்தவர்கள் என்பதில் ஐயமில்லை. இச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. ‘முகத்தில் களை இருக்கிறது’ என்கிறோம். ஆங்கே அஃது அழகைக் குறிக்கும். இன்று தாம்பரத்தைச் சூழ்ந்த ஏரிகளிலும் காடுகளிலும் பரவிக் கிடக்கும் களைகளுள் சில, அழகுக்காகவே கடல் கடந்து கொண்டுவரப்பட்டவை. அழகென்று வந்தது களையாய் முடிந்த கதை, சூழல் பேணுவோர் மட்டுமன்றித் தமிழ் பயில்வோரும் அறிய வேண்டிய ஒன்றாகும்.

அக்கதையின் வழி நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. அயலிலிருந்து வந்து அடங்காது பரவும் செடியை அது முளைவிடும் பருவத்திலேயே அகற்ற வேண்டும். அப்பருவத்தில் ஒரு சிறுவனின் கை போதும். அது கடந்துவிட்டால் அரசும் நீதிமன்றமும் பொறிகளும் சேர்ந்தும் முழுமையாக வெல்லுதல் அரிது.

வந்த வழி

நம் ஏரிகளில் ஊதா நிறப் பூக்களோடு மிதக்கும் செடி தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகைக்கு உரியது. பூவின் அழகு கருதி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அதன் காம்பு வெங்காயம் போல் உப்பியிருத்தலின் வெங்காயத்தாமரை எனப் பெயர் பெற்றது. ஆயின் சென்னைப் புறநகர் மக்களும் நாளேடுகளும் இதனை ஆகாயத்தாமரை என்றே வழங்குகின்றனர். சித்த மருத்துவம் ஆகாயத்தாமரை எனக் குறிப்பது வேறொரு சிறு மிதவைச் செடியை. அயற்செடிக்கு நாட்டுச் செடியின் பெயர் ஒட்டிக்கொண்டதால், அது தொன்றுதொட்டு நம் ஏரியில் இருந்தது போலும் என்று இளந்தலைமுறை எண்ணுகின்றது.

வேலியோரங்களில் பல நிறப் பூக்கொத்துகளோடு காணப்படும் உண்ணிச்செடியும் தோட்ட அழகுக்காக வந்ததே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் கால்வைத்த அச்செடி இன்று முதுமலை வரை காடுகளின் அடித்தளத்தைக் கைப்பற்றியுள்ளது. பார்த்தீனியத்தையோ எவரும் விரும்பி அழைக்கவில்லை. இறக்குமதியான கோதுமையோடு கலந்து வந்திருக்கலாம் எனக் கருதப்படும் அது, 1955இல் புனே நகரில் கண்டறியப்பட்டது. இன்று நம் தெருமுனைக் காலிமனை ஒவ்வொன்றிலும் வெண்ணிறப் பூத்து நிற்கின்றது. தோலரிப்பையும் மூச்சுத்திணறலையும் தருவதால் மக்கள் அதனைக் கண்டாலே அஞ்சி விலகுகின்றனர்.

சீமைக்கருவேலத்தின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. பெருந்தலைவர் காமராசர் காலத்தில் வானூர்தியிலிருந்து தூவப்பட்ட விதை என்பது ஊர்வழக்கு. உண்மையில், அது பிறப்பதற்கு முன்பே நடந்த செய்தி. 1870களின் இறுதியில் அன்றைய சென்னை மாகாண வனத்துறை விறகுப் பஞ்சம் தீர்க்கவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் கருதி, ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்துக் கடப்பைப் பகுதியில் விதைத்தது. பெட்டோம் என்னும் வன அலுவலரின் முயற்சி அது. நல்ல நோக்கமும் பெருந்தீங்காய் முடியலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ‘சீமை’ என்னும் அடைமொழி மட்டும் அதன் அயன்மையை இன்றுவரை நினைவூட்டி நிற்கின்றது.

பிறப்பன்று குற்றம்

ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். அயலிலிருந்து வந்தது என்பதாலேயே எதனையும் வெறுத்தல் அறிவுடைமை ஆகாது. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் நிலக்கடலையும் கொய்யாவும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்தின் கொடைகள். மிளகாய் இல்லாத குழம்பையும் தக்காளி இல்லாத பிரியாணியையும் நம் வீட்டில் எவரும் ஏற்கமாட்டார். அவை வந்தன, நட்ட இடத்தில் நின்றன, நம்மோடு உறவாடி நம்முடையவை ஆயின. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எங்கிருந்து வந்தது என்பதன்று. வந்த இடத்தில் எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதே. அருகிலிருப்பதற்கு ஒளியும் நீரும் இடமும் விடாது தானே நிறைவதைத்தான் களை என்கிறோம். இந்த வேறுபாட்டை மறந்தோமாயின், செடியைப் பற்றிய பேச்சு மனிதரைப் பற்றிய பேச்சாகத் திரிந்துவிடும். அதற்கு நாம் இடந்தரலாகாது.

ஒரு மையவாடியின் கதை

எம் தந்தையார் மறைந்தது ஓர் ஐப்பசி மழை நாளில். புறநகர் ஒன்றின் மையவாடியில் அடக்கம். எம் பாட்டனாரும் அங்கேயே துயில்கின்றார். அவரருகே தம்மை வைக்க வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். நாம் முன்னதாகச் சென்று பார்த்தபோது பாட்டனாரின் கபர் இருந்த மூலை முழுவதும் சீமைக்கருவேலங்காடாய் மண்டியிருந்தது. எது எவருடைய அடக்க இடம் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. அரிவாளோடு உள்ளே நுழைந்த இளைஞர் இருவரின் கால்களில் முள் தைத்தது. ஜனாஸா தொழுகைக்கு நேரம் நெருங்கவே, எதிர்மூலையில் குழி வெட்டச் சொன்னோம். தந்தையாரின் விருப்பம் நிறைவேறவில்லை.

இதில் எவரையும் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஏனெனில், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநாளன்று அங்குச் சென்றபோது சுற்றுச்சுவரை ஒட்டி முழங்கால் உயரத்தில் ஏழெட்டுச் செடிகள் நின்றதை நாமே கண்டோம். மழைக்கு மண் இளகியிருந்தது. குனிந்து பிடுங்கியிருந்தால் ஒரு நாழிகைக்குள் முடிந்திருக்கும். புத்தாடையில் சேறு படுமே என்று தயங்கினோம். யாரேனும் பார்த்துக்கொள்வார்கள் என்று வந்துவிட்டோம். அந்த ‘யாரேனும்’ இன்றுவரை வரவில்லை.

அடக்கம் முடிந்த பின் ஜமாஅத்தார் கூடிப் பேசினர். பொக்லைன் எந்திரம் கொண்டு வேரோடு பெயர்க்கலாம் என்றார் ஒருவர். முதியவர்கள் உடனே மறுத்தனர். மரங்கள் நிற்பதே கபர்களின் மேல். வேரைப் பெயர்த்தால் உடன் பெயர்வது எது என்று அவர்கள் கேட்டபோது அவையில் மறுமொழி இல்லை. ஆகவே தரைமட்டத்தில் வெட்டினர். வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்குள் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்த்தது. கையால் பிடுங்கியிருக்கக்கூடிய செடி, எந்திரத்தாலும் தொடவியலாத மரமாகிவிட்டது.

வள்ளுவப் பெருந்தகை ‘பகைத்திறந்தெரிதல்’ அதிகாரத்தில் முள்மரத்தைக் கொண்டு இவ்வுண்மையைப் பாடியுள்ளார். அக்குறளை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகின்றோம். பகையைச் சொல்ல வந்த புலவர் மரத்தை மட்டும் சொன்னதால் பிறிதுமொழிதல் அணி என்று கரும்பலகையில் எழுதி அடுத்த குறளுக்குச் செல்கின்றோம். அணியைக் கற்பித்தோம்; சாளரத்துக்கு வெளியே நின்ற முள்மரத்தைக் காட்டவில்லை. உவமையாக வந்த பொருளும் உண்மைப் பொருளே என்பதை அந்த மையவாடியில்தான் நாம் கற்றோம்.

நீரின் வழியே

நிலத்தில் முள்மரம் செய்வதை நீரில் வெங்காயத்தாமரை இன்னும் விரைவாகச் செய்கின்றது. கழிவுநீர் கலந்த வெதுவெதுப்பான ஏரியில் அது ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தன்னை இரட்டித்துக்கொள்ள வல்லது. ஒரு செடி இருபது வாரத்தில் ஆயிரத்தைக் கடக்கும் என்பது எளிய பெருக்கற் கணக்கு. இக்கணக்கின் கொடுமை கடைசிப் படியில்தான் விளங்கும். ஏரி பாதி மூடியிருக்கும் நாளில் ‘பாதிதானே, பார்த்துக்கொள்வோம்’ என்கிறோம். மறு இரண்டு வாரத்தில் மீதிப் பாதியும் மூடிவிடும். கரையோரம் பத்துச் செடிகள் மிதந்த நாளில் ஒருவர் கழியால் இழுத்துக் கரையேற்றியிருந்தால் தீர்ந்திருக்கும் வேலைக்குப் பின்னர் மிதவை எந்திரம் தேவைப்படுகின்றது. அதன் விதையோ சேற்றில் பல்லாண்டு உறங்கிப் பின்னர் முளைக்கும்.

தாம்பரம் பகுதி ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் அதன் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடையும். மேலே உள்ள ஏரியின் களை கீழே உள்ளதற்கும் களை என்பது இச்சங்கிலியின் விதி. பள்ளிக்கரணையில் 317 எக்டேர் 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 8ஆம் நாளன்று ஏறத்தாழ 1,248 எக்டேர் பரப்பு ராம்சார் நிலமாக உலகப் பட்டியலில் இடம்பெற்றது. தொலைநாட்டுப் பறவைகள் வந்து தங்கும் அந்நிலத்தைக் காக்க வேண்டுமாயின், வேலி போட வேண்டிய இடம் பள்ளிக்கரணை மட்டுமன்று. களை முதலில் தோன்றும் நம் தெருவோரத்து ஏரியுமாகும்.

2015 திசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராசபுரமும் பட்ட பாட்டை நாம் மறந்திருக்க முடியாது. மழையின் அளவும் ஆக்கிரமிப்பும் அதற்குப் பெருங்காரணங்கள். எனினும், கால்வாயிலும் மதகிலும் பாலத்தடியிலும் அடைத்து நிற்கும் செடிக்கூட்டம் நீரோட்டத்தைத் தடுக்கும் என்பது பொறியாளர் சொல்லித்தான் தெரிய வேண்டிய செய்தியன்று. அண்மை ஆண்டுகளில் சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகள் தூர்வாரப்பட்டது மகிழ்வுக்குரியது. ஆனால் கழிவுநீர் வரவு நிற்காத இடத்தில் அகற்றிய செடி திரும்பி வரும். அது திரும்பிவரும் முதல் வாரத்தில் கண்ணுறுவதற்கு ஒருவர் கரையில் இருக்கிறாரா என்பதே நம் வினா.

முதிர்ந்தபின் எழும் வழக்கு

முற்றிய களையோடு போராடுவது எத்துணைச் சிக்கலானது என்பதை நாடு கண்டிருக்கின்றது. 2017இன் தொடக்கத்தில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேல மரங்களை அகற்ற ஆணையிட்டது. ஊர்தோறும் மக்கள் அரிவாள் ஏந்தினர். அதே ஆண்டிலேயே அப்பணிக்கு இடைக்காலத் தடை வந்தது. இரு பக்கத்து வாதங்களும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் அம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டு வாழும் ஏழைக் குடும்பங்கள் பல. வேறு மரமற்ற இடங்களில் பறவைகளும் அதில் கூடு கட்டுகின்றன. ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தால் அவர்களுக்கும் அவற்றுக்கும் போக்கிடம் ஏது? வேறு நாட்டு மரம் நடாது வெற்றிடமாக விட்டால் அங்கே மீண்டும் களையே முளைக்காதா? இவ்வினாக்களை எழுப்பியோர் களைக்குப் பரிந்தவர் அல்லர்.

இங்குத்தான் முளைப்பருவத்தின் சிறப்பு விளங்குகின்றது. இரு விரற்கடை உயரச் செடியை நம்பி எக்குடும்பமும் வாழவில்லை. எப்பறவையும் அதில் கூடு கட்டவில்லை. அதனை அகற்ற எவரும் வழக்குத் தொடுக்கமாட்டார். முதிர்ந்த காட்டைப் பற்றி அறிஞர்கள் ஆய்ந்து முடிவெடுக்கட்டும். வாதத்துக்கே இடமில்லாத சிறு செடியை நாம் இன்றே பிடுங்கலாம்.

காலம் தாழ்த்தினாலும் அறிவியல் கைகொடுக்கும் என்று சிலர் நம்பலாம். நம் அண்டையிலுள்ள சைதாப்பேட்டையின் வரலாற்றை அவர்கள் பார்க்கட்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், கம்பெனியின் மருத்துவரான ஜேம்ஸ் ஆண்டர்சன் செஞ்சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காக அங்கே கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பூச்சியோ எதிர்பார்த்த உயர்ந்த இனமன்று. நல்ல சாயம் தருவதற்கு மாறாக, ஒருவகைக் கள்ளியைத் தின்று அழித்தது. மற்றொரு வகைச் சப்பாத்திக்கள்ளி தென்னாட்டின் தரிசுகளை நிறைத்தது. 1926இல் வேறொரு பூச்சியை இலங்கையிலிருந்து கொணர்ந்த பின்னரே அஃது அடங்கியது. பூச்சி வென்றது உண்மைதான். ஆயினும் அவ்வெற்றிக்காக நாடு பல தலைமுறைகள் காத்திருந்தது. சீமைக்கருவேலத்திற்கு அத்தகைய பூச்சி வரும் என்று நாம் கைகட்டி இருத்தல் தகாது.

உலகமும் இதையே உணர்ந்துள்ளது. ஊடுருவும் அயலுயிர்களால் உலகம் அடைந்த இழப்பு 2019ஆம் ஆண்டில் மட்டும் 42,300 கோடி டாலருக்கு மேல் என ஐ.நா. சார்பு பல்லுயிர் அறிஞர் குழு 2023இல் அறிவித்தது. தடுத்தலும் தொடக்கத்திலேயே அகற்றலும் மிகச் சிக்கனமான வழி என்பதும் அவ்வறிஞர்களின் முடிபு. தமிழக அரசும் 2022இல் ஊடுருவும் அயல்தாவரங்கள் குறித்துத் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. கொள்கை கோட்டையில் பிறக்கும். களை நம் வாசலில் பிறக்கும். இடையேயுள்ள தொலைவைக் கடக்க வேண்டியவர் நாம்தான்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, அடையாளம் அறிதல். பெயர் தெரியாத செடியைக் களையவும் முடியாது, காக்கவும் முடியாது. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்தாற்போல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ கதிர் போல் நீண்டிருக்கும். நம் இலக்கியங்கள் போற்றும் வன்னி மரமும் சீமைக்கருவேலத்தின் பேரினத்தைச் சேர்ந்ததாகவே நெடுங்காலம் வகைப்படுத்தப்பட்டது. அறியாமையால் வன்னியை வெட்டிவிட்டுக் களை எடுத்தோம் என மகிழக் கூடாது. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களையும் ஒப்பிக்கும் நம் மாணவர், வண்டலூரிலும் நன்மங்கலத்திலும் இன்னும் எஞ்சி நிற்கும் புதர்க்காட்டில் களாவையும் காரையையும் வேறுபிரித்துக் காட்ட வல்லரா? இது தாவரவியல் துறையின் பணி மட்டுமன்று. பெயர்களைக் காக்கும் தமிழ்த்துறையின் பணியுமாகும்.

இரண்டாவது, காலம் அறிதல். வடகிழக்குப் பருவமழையில் மண் இளகியிருக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கன்று வேரோடு வரும். கோடையில் இழுத்தால் தண்டு ஒடிந்து வேர் தங்கிவிடும். எதுவாயினும் பூப்பதற்குமுன் அகற்ற வேண்டும். பார்த்தீனியம் முளைத்து ஓரிரு மாதத்திற்குள் பூத்துப் பல்லாயிரம் விதைகளைச் சொரியும். கையுறை இன்றி அதனைத் தொடலாகாது. சீமைக்கருவேலத்தின் இனிய காயைத் தின்னும் ஆடுமாடுகள் சாணத்தின் வழியே விதையை ஊரெங்கும் நடுகின்றன. காய்க்கவிட்ட பின் வருந்திப் பயனில்லை. சற்று வளர்ந்துவிட்டதாயின் தரைமட்டத்தில் வெட்டாது, ஏறத்தாழ ஓர் அடி ஆழம் தோண்டி வேரை அறுத்தல் நன்று.

மூன்றாவது, திரும்பிச் செல்லுதல். ஒருநாள் விழாவாக நடத்தி, நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் களைப்பணியால் பயன் சிறிது. மண்ணில் விதை பல ஆண்டு காத்திருக்கும். நாமும் காத்திருந்து பார்க்க வேண்டும். களைந்த இடத்தில் வேம்போ புங்கமோ நாவலோ நட்டு நிழல் வளர்த்தால் களைக்கு இடமிராது. காப்புக்காட்டின் எல்லைக்குள் வனத்துறையின் இசைவின்றி எதனையும் தொடாதிருத்தலும் நம் கடமை.

நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் இவ்வாண்டு வளாகத்தின் நான்கு எல்லைகளையும் மழைக்காலத்தில் மாதமொரு முறை நடந்து பார்க்க வேண்டும் என்பது எம் வேண்டுகோள். பள்ளிவாசல், கோயில், தேவாலயம் எனும் வேறுபாடின்றி அவரவர் வளாகத்தையும் அடக்க இடங்களையும் அவரவர் நடந்து பார்த்தால் ஊர் முழுவதும் பார்த்ததாகிவிடும். 2021இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சிக்கு அதைவிடப் பெரிய துணை வேறில்லை.

அந்த மையவாடியில் சென்ற மழைக்காலம் முதல் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் சில இளைஞர் கூடி, திறந்த பகுதியில் புதிதாக முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கி வருகின்றனர். நாமும் உடன் செல்கின்றோம். தந்தையார் துயிலும் மூலை இப்போது தூய்மையாக உள்ளது. பாட்டனார் துயிலும் மூலையில் மரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றை என்ன செய்வதென்று எவருக்கும் தெரியவில்லை. அந்த இரு மூலைகளுக்கும் இடையே உள்ள தொலைவு நாற்பது அடிதான். ஆனால் அது பதினைந்து ஆண்டுக் காலத்தாழ்வின் தொலைவு. இதனைப் படிக்கும் மாணவச் செல்வங்கள் தத்தம் வீட்டு மதிலோரத்தையும் தெருமுனை ஏரிக்கரையையும் இவ்வாரமே ஒருமுறை சென்று பார்ப்பார்களாக. முழங்கால் உயரத்தில் ஏதேனும் நின்றால், ஆடையில் சேறு படுவதைப் பொருட்படுத்தாது குனிவார்களாக.